சமீருல்லாவின் இடது காது

ஆம்பூர் சமீருல்லாவிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நிற்க வேண்டும். சொந்தத்தில் பால்குடி மறந்த பிள்ளை வரைக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே, "அவருக்கு லெப்ட் காது கேக்காது, செவுத்தோரமா உக்கார வைங்க" என்று யாராவது இடம் பார்த்துக் கொடுப்பார்கள். இடது பக்கம் சுவர், வலது பக்கம் மனிதர். அப்படித்தான் அவர் ஊர் விருந்தெல்லாம் சாப்பிட்டார்.

காது மந்தம் அந்த வம்சத்துக்குப் புதிதும் இல்லை. அவருடைய தாதாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, ஒரு தம்பி, வாணியம்பாடியில் இருந்தவர். அவரைக் கூப்பிட்டால் மூன்றாம் வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பாரே தவிர அவர் திரும்ப மாட்டார். அந்தத் தம்பியின் மகளைப் பேரணாம்பட்டில் கொடுத்தார்கள். அவளுக்கும் அதே கதை. அடுப்பில் பால் பொங்கி வழிவதை வாசனையில்தான் கண்டுபிடிப்பாள். அதனால் சமீருல்லாவுக்கு ஒரு பக்கம் போய்விட்டது என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பரம்பரைச் சொத்து, பாதியாவது வந்து சேர்ந்ததே என்றார்கள்.

உள்ளது என்னவென்றால், அந்த இடது காது பழுதில்லாத காது. பக்கத்துத் தெருவில் கடுகு வெடித்தால் கேட்கும்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் அவருக்கு ஷேவிங் மெஷினில் வேலை. தோலைச் சீவி மெலிதாக்குகிற மெஷின் அது. கிறீச்சென்று போடுகிற சத்தத்தில் பல் கூசும். அந்தப் பக்கம் இருந்தது இடது காது. ஒரு மழைக்காலத்தில் அது அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் போல அந்தப் பக்கம் உலகம் பஞ்சு மூட்டையாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பொட்டென்று திறந்துகொண்டது. கண்டக்டர் விசில் ஊதினதில் சமீருல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி அஜீஸுன்னிசா இடது பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேஸ் தீர்ந்துபோனது, தண்ணீர் வராதது, அவருடைய தங்கை வந்து வாயாடிவிட்டுப் போனது எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டத் தொடங்கினாள். அவர் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளே நிறுத்திவிட்டாள்.

"பாவம், கேக்காத மனுசன்கிட்ட கத்தி இன்னா ஆவப்போது" என்று எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார் சமீருல்லா. அந்த டீயைக் குடித்துப் பல வருஷம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்ததில் சௌகரியம் ஒன்றா இரண்டா! சந்தா கேட்டு வருபவர்கள் இடது பக்கம் வந்தால் வானத்தைப் பார்ப்பார். சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் கேட்டால் செருப்பு வாரைச் சரி செய்வார். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் வீட்டுக்குள் இருந்தது. அஜீஸுன்னிசாவுக்குத் தனக்குள் பேசிக்கொள்ளும் பழக்கம். கேட்காத காது ஒன்று பக்கத்தில் இருக்கவும் அந்தப் பழக்கம் தழைத்துவிட்டது. இடது பக்கம் உட்கார்ந்து மனசில் உள்ளதெல்லாம் சொல்வாள். முக்கால்வாசி வசவு. "இந்த மண்டுகிட்ட வாக்கப்பட்டதுக்கு ஏலகிரி மலையில ஒரு பாறையா பொறந்திருக்கலாம்" என்பாள். மீதிக் கால்வாசி ஆசை. ஆற்காட்டு மக்கன் பேடா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்பாள். லாங் பஜாரில் மூடி போட்ட பித்தளை டப்பா ஒன்று பார்த்தேன், அதைக் கேட்டால் இந்த மனுஷன் குதிப்பான் என்பாள்.

இரண்டு நாள் கழித்து மக்கன் பேடா வரும். பித்தளை டப்பா வரும். அவளுக்கு நெஞ்சு விம்மிப் போகும். நாத்தனார், ஓர்ப்படி எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு சொல்வாள்: "காது கேக்கலைன்னா இன்னாங்கடி? நான் மனசுல நெனைக்கிறது அவருக்குக் கேக்குது." அதைக் கேட்டு அந்தப் பெண்கள் தங்கள் தங்கள் புருஷனைப் பார்த்த பார்வையில் பல வீடுகளில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இது இப்படியே ஓடியிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. நடுவில் முனீர் அகமது வந்தார்.

முனீர் அகமது அஜீஸுன்னிசாவின் அண்ணன். தகப்பன் போன பிறகு அவளை வளர்த்து, கட்டிக் கொடுத்தவர். அவளுக்குத் தாய்வீடு என்றால் அந்த ஒரு மனிதர்தான். நல்லவர், ஆனால் ரோஷக்காரர். பெரியப்பா மகன் ஒருவன் தன் வீட்டு விருந்துக்கு வரவில்லை என்பதற்காக அவன் செத்த பிறகு ஜனாஸாவுக்கு மட்டும்தான் போனார். அதுவரை அந்தத் தெருவை மிதிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் பெண் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. சாப்பாட்டு விரிப்பில் பையனின் தகப்பன் பெண்ணின் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாக ஒரே ஒரு தரம் கேட்பார். 'இன்ஷா அல்லாஹ்' என்று வந்தால் பேச்சு நடக்கும். முடியாது என்று வந்தால் இரண்டு வீட்டுக்கும் கதவு அடைபடும். இரண்டாம் தரம் கேட்பதென்பது கிடையாது. சமீருல்லாவின் மகள் ஹுமேரா காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது, ஒரு கல்யாண விருந்தில் முனீர் அகமது வந்து சமீருல்லாவின் இடது பக்கம் உட்கார்ந்தார். பிரியாணியைப் பிசைந்தபடியே காதில் சொன்னார்.

"மாப்ளே, உன் பொண்ணு ஹுமேராவை எங்க வக்காருக்குக் கொடு."

சமீருல்லா கவளத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டார். முனீர் அகமதுவின் மகன் வக்கார் அகமது கெட்ட பையன் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் ஹுமேரா, "அப்பா, மாமூ வீட்ல பேச்சு நடக்குதாம். எனக்கு வக்காரைக் கட்டி வெச்சீங்கன்னா கிணத்துல குதிப்பேன். கிணறு இல்லைன்னா தோண்டிட்டுக் குதிப்பேன்" என்று சொல்லியிருந்தாள். சரி என்றால் மகள் போச்சு. முடியாது என்றால் மனைவிக்குத் தாய்வீடு போச்சு. சமீருல்லா தட்டைப் பார்த்த முகமாகவே இருந்து, நிதானமாக முழுங்கி, "பாய், அந்தக் கத்தரிக்காயை இப்படித் தள்ளுங்க" என்றார்.

முனீர் அகமது தள்ளினார். விஷயம் அதோடு முடிந்தது. வக்காருக்கு ஆற்காட்டில் பெண் எடுத்தார்கள். ஹுமேரா பெங்களூரில் வேலைக்குப் போனாள். ஆனால் அன்றையிலிருந்து இடது காது சமீருல்லாவுக்கு விளையாட்டுச் சாமானாக இல்லை. அது கேட்கும் என்று தெரிந்தால் அன்றைக்கும் கேட்டது என்று தெரியும். தெரிந்தால் முனீர் அகமது இந்த வாசலை மிதிக்க மாட்டார். அஜீஸுன்னிசா அண்ணன் இல்லாமல் நிற்பாள்.

ஹுமேராவுக்குக் கிடைத்த வேலை இருக்கிறதே, அதைத்தான் விதி என்பது. உலகத்தில் எத்தனையோ கம்பெனி இருக்க, அவள் காதுக்கு வேலை செய்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, காதில் மாட்டுகிற குமிழ் இரண்டோடு வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"எல்லாருக்கும் ஒரே சைஸ்ல ஷூ தைப்போமா அப்பா? காலுக்கு ஒரு அச்சு, லாஸ்ட்னு வெச்சுத்தானே தைக்கிறாங்க. காதும் அப்படித்தான். மடலோட வளைவு ஆளுக்கு ஆள் வேற. சத்தம் முன்னாடி வருதா பின்னாடி வருதா, மேலயா கீழயான்னு மூளை அந்த வளைவை வெச்சுத்தான் கண்டுபிடிக்குது. போன்ல காதைப் படம் எடுத்து, எந்தச் சத்தம் கேக்குது, எது கேக்கலைன்னு அளந்து, அந்த ஆளுக்குன்னே சத்தத்தைத் தைச்சுக் குடுக்கிறோம். உங்களுக்கு லெப்ட்ல கம்மியா இருந்தா அந்தப் பக்கம் ஜாஸ்தியா வரும்."

அஜீஸுன்னிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் காதுக்காக அவள் தர்காவில் வேண்டிக்கொள்ளாத வியாழக்கிழமை இல்லை. "ஞாயித்துக்கிழமை பாய்ஜான் சாப்பிட வர்றாரு. அவர் முன்னாடியே செய்யலாம், அவரும் சந்தோசப்படுவாரு" என்றாள்.

சமீருல்லா அன்றைக்கே மாதனூருக்கு ஓடினார். ஆதிகேசவன் அங்கேதான் இருந்தார். அடுத்த மெஷினில் நின்றவர். காது திறந்த அன்றைக்கு அதே பஸ்ஸில் கூட வந்தவர். ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"இதுக்கு இன்னாய்யா பேஜார்?" என்றார் ஆதிகேசவன். "ரைட்ல கேட்டா போனை அமுக்கு. லெப்ட்ல கேட்டா கல்லு மாதிரி உக்காரு."

"மொகம் காட்டிக் குடுத்துடுமேய்யா."

"கண்ணை மூடிக்கோ. லெப்ட்ல சத்தம் வந்தா நம்ம பழைய சூப்பர்வைசர் பாடுனதை நெனச்சுக்கோ. அப்பக் கேக்காத மாதிரிதானே உக்காந்திருந்தோம்!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முனீர் அகமது வந்தார். சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, சினிமாவுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "மொதல்ல அம்மிக்கு" என்று ஹுமேரா அம்மாவுக்கு அளந்து காட்டினாள். அஜீஸுன்னிசா முக்காட்டை ஒதுக்கி வலது காதை நீட்டினாள், இடது காதை நீட்டினாள், சத்தம் கேட்டபோதெல்லாம் டக் டக்கென்று போனை அமுக்கினாள். போன் அவள் காதை மெச்சிக்கொண்டது.

"இப்ப அப்பா. மொகத்தை மெதுவாத் திருப்புங்க."

"இரு இரு" என்று அஜீஸுன்னிசா ஈரத்துணியோடு வந்தாள். "காதுல காடு வளர்த்து வெச்சிருக்காரு. போன் உள்ள போய் வழி தெரியாம நின்னுடும்."

முனீர் அகமது சிரித்தார். சமீருல்லா சிரிக்கவில்லை. குமிழ் இரண்டும் காதில் ஏறின. வலது பக்கம் குருவி முணுமுணுத்தது போல ஒரு சத்தம், அமுக்கினார். இன்னொன்று, அமுக்கினார். பிறகு இடது பக்கம் வந்தது. கொஞ்சமாக, அப்புறம் கொஞ்சம் கூட, அப்புறம் காதுக்குள் வந்து நின்று கூப்பிடுகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு பழைய சூப்பர்வைசரை நினைத்தார். கல்லு மாதிரி உட்கார்ந்தார். மூக்கில் வேர்த்தது.

அளந்து முடிந்ததும் ஹுமேரா போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரைட் பரவாயில்லை. லெப்ட்ல ஒண்ணுமே இல்லை. சரி, எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்தியிருக்கு. இப்பக் கேளுங்க. ஒரு வண்டு உங்க தலையைச் சுத்தி வரும்."

வண்டு வலது பக்கம் புறப்பட்டது. ரீங்காரம் இனிமையாகத்தான் இருந்தது. பிடரிக்குப் பின்னால் போயிற்று. இடது பக்கம் வந்ததுதான் தாமதம், வண்டு லாரியாகிவிட்டது. செவிட்டுக் காதுக்கென்று கரண்டி கரண்டியாக அள்ளி ஊற்றின சத்தம் நல்ல காதில் போய் விழுந்தால் என்ன ஆகும்? சமீருல்லா "யா அல்லா!" என்று எகிறி, தன் இடது கன்னத்தில் தானே ஓங்கி ஒரு அறை விட்டுக்கொண்டார்.

"கேட்டுடுச்சு!" என்று கத்தினாள் அஜீஸுன்னிசா. "பாய்ஜான், கேட்டுடுச்சு! அவருக்குக் காது வந்துடுச்சு!"

சமீருல்லாவுக்குக் கன்னம் எரிந்தது, ஆனால் மனசு குளிர்ந்தது. இதைவிட நல்ல வாசல் திறக்குமா? இன்றைக்குத்தான் காது வந்தது என்று வைத்துக்கொண்டால் அன்றைக்குக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்! "ஆமா, கேக்குது" என்றார். "என்னமா கேக்குது! மெஷின்னா இது மெஷின்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஹுமேரா போனில் எதையோ தட்டி, "இன்னொரு தரம் கேளுங்க அப்பா" என்று சொன்னபோது இன்னும் சந்தோஷமாகத் தலையை நீட்டினார். இந்தத் தடவை வண்டு சன்னமாக, ஒழுங்காக வந்தது. அவர் விரலை நீட்டி அதன் வழியைக் காட்டத் தொடங்கினார். "இதோ ரைட்ல. பின்னால போவுது. இதோ லெப்ட் பக்கம் வந்துடுச்சு. தலைக்கு மேல ஏறுது பார்."

ஹுமேரா போனை மடியில் வைத்துவிட்டாள்.

"அப்பா, வண்டு மேல ஏறவே இல்லை. காது மட்டத்துலதான் சுத்துது."

"எனக்கு மேலதானேம்மா கேக்குது?"

"கேக்கும். ஏன்னா இது உங்க காதுக்குத் தைச்சது இல்லை. அம்மி காதுக்குத் தைச்சது. அவங்க மடல் வேற, உங்க மடல் வேற, அதான் ஏறுது. லெப்ட்ல ஏத்தின சத்தத்தை எல்லாம் எடுத்துட்டேன். காது நிஜமாவே போயிருந்தா வண்டு லெப்ட் பக்கம் வந்ததே தெரிஞ்சிருக்காது, மேல ஏறினதும் தெரிஞ்சிருக்காது."

அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சமீருல்லாவுக்கு இரண்டு காதிலும் கேட்டது. அஜீஸுன்னிசா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹுமேரா தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து, "நான் அம்மிக்கு ஒத்தாசை பண்றேன்" என்று அவள் பின்னாலேயே நழுவினாள்.

முனீர் அகமது நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

"மாப்ளே. எத்தனை நாளா கேக்குது?"

பொய் சொல்ல வாயைத் திறந்தார் சமீருல்லா. வரவில்லை. "அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடியே கேக்கும் பாய்" என்றார். "திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. அஜீஸுக்கு ஒண்ணும் தெரியாது. அவ உங்க வாசலுக்கு வர்றதை மட்டும் நிறுத்திடாதீங்க."

முனீர் அகமதுவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. கோபம் வருகிறது என்று சமீருல்லா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வந்தது கோபமில்லை. முனீர் அகமது தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது.

"அடப் பாவி" என்றார் மூச்சு வாங்க. "அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா? சரின்னு சொல்லித் தொலைச்சிருந்தா என் கதி?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

முனீர் அகமது சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரி அம்பரீன் என்னைத் தின்னு தீர்த்துட்டா. ஹுமேராவைக் கேளு, ஹுமேராவைக் கேளுன்னு. பையன் ஆற்காட்டுப் பொண்ணுதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கேக்கலைன்னா பொண்டாட்டி விடமாட்டா, கேட்டு நீ குடுத்துட்டா பையன் ஓடிப்போவான். விருந்துல பார்த்தேன். உனக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு சாண் எடம் இருந்தது. இந்த வயித்தை எக்கிக்கிட்டு அதுக்குள்ள நுழைஞ்சேன் மாப்ளே! செவிட்டுக் காதுல கேட்டுட்டுப் போய், கேட்டேன், அவன் ஒண்ணும் சொல்லலைன்னு அவகிட்ட சத்தியம் பண்ணேன். பொய்யும் இல்லை பாரு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாயைப் பொத்தினால் போதுமா? சற்று முன்னால்தானே போன் அஜீஸுன்னிசாவின் காதுகளை மெச்சியது. அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பாய்ஜான், இதை அண்ணிகிட்ட சொல்லட்டா?"

முனீர் அகமதுவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அஜீஸு, தங்கம்மா..."

"உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் அந்தப் பக்கம் உக்காந்து சொன்னதெல்லாம் கேட்டீங்களா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

"ஏலகிரி பாறை?"

"அது... கேட்டுச்சு."

"அதை விடுங்க, அது நெசம்தான். மக்கன் பேடா? பித்தளை டப்பா?" அவள் குரல் இறங்கியது. "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என் மனசுல நெனைக்கிறது அவருக்குக் கேக்குதுன்னு. மனசுன்னு நெனச்சேன். வெறும் காதாய்யா அது?"

அண்ணன் வாசலைக் காப்பாற்றத்தான் அத்தனை பாடும் என்று சமீருல்லா சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது ஏறவில்லை. அன்றையிலிருந்து அவள் அவரிடம் பேச வேண்டியதை மட்டும் பேசினாள், அதையும் நேருக்கு நேர் நின்று பேசினாள். 'சோறு', 'கதவு', 'போன் அடிக்குது'. தனக்குள் பேசுவதை அடியோடு விட்டுவிட்டாள். அவர் இடது பக்கம் உட்கார்ந்தாலும் வலது பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு சத்தமும் கிடையாது. வசவுகூட இல்லை. ஒரு மனிதனுக்கு வசவு இல்லாமல் எத்தனை நாள் தள்ளும்?

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சமீருல்லா வேலூருக்குப் பஸ் ஏறினார். லாங் பஜாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் அவள் சொன்னதை வாங்கினாரே தவிர யோசித்தது இல்லை. தள்ளுவண்டிக்காரன் ஒருவன் இடித்துவிட்டுப் போனான். சாயங்காலமாகிவிட்டது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

அஜீஸுன்னிசா பிரித்துப் பார்த்தாள். பாசிப்பச்சை நிறத்தில், பெரிய பெரிய அன்னாசிப்பழம் போட்ட மேஜை விரிப்பு.

"நம்ம வீட்ல மேஜை ஏது?" என்றாள்.

சமீருல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை இல்லைதான்.

"இதை நான் எப்பக் கேட்டேன்?"

"நீ கேக்கலை. நானா நெனச்சு வாங்கினேன்."

அவள் விரிப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு, "இந்த மண்டுகிட்ட வாக்கப்பட்டு..." என்று தொடங்கிக்கொண்டே உள்ளே போனாள். மீதியை அவர் வாசலில் நின்றபடி முழுசாகக் கேட்டார். புது வசவு இரண்டு இருந்தது. நல்ல வசவு.

அடுத்த மாதம் அம்பரீன் வந்தாள். முனீர் அகமது அவளுக்கு முன்னால் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார். தங்கை எது சொன்னாலும் உடனே தலையாட்டினார். அம்பரீனுக்கு அது ஏன் என்று புரியவில்லை. கூடத்தில் டிவி மேல் மடித்துப் போட்டிருந்த பச்சை விரிப்பில் அவள் கண் போய் நின்றது.

"ஏன்டி அஜீஸு, இதை யாரு வாங்கினது?"

"அவருதான் அண்ணி. நான் வாயே தொறக்கலை. அவரா மனசுல நெனச்சு வாங்கிட்டு வந்தாரு" என்றாள் அஜீஸுன்னிசா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

அம்பரீன் அன்னாசிப்பழங்களை மறுபடி ஒரு தரம் பார்த்தாள்.

"அது பார்த்தாலே தெரியுது" என்றாள்.